14,400 என்று பேசிய அறை 22,999 ஆனது எப்படி?

ஈத்தாமொழி அண்ணாச்சி ஒருவர் கேட்டிருக்கிறார். மகள் கல்யாணத்துக்குச் சென்னையிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டாருக்காக, கன்னியாகுமரியில் ஒரு ரிசார்ட்டில் இரண்டு அறைகளை இரண்டு ராத்திரிக்குப் போட்டிருக்கிறார். போனில் பார்த்த விலை அறைக்கு ஒரு நாளைக்கு 3,600. ஆக 14,400 ஆகும் என்று கணக்குப் போட்டிருக்கிறார். கிளம்புகிற அன்றைக்குக் கையில் கொடுத்த பில் 22,999. அது போக, வந்த அன்றே கார்டில் தேய்த்த 5,000 டெபாசிட்டில் படுக்கை விரிப்பில் மருதாணிக் கறை என்று 1,500 பிடித்துவிட்டார்கள். மீதி 3,500 ஆறு நாளாகியும் வந்து சேரவில்லை. "இதில் எது நியாயம், எதைத் திருப்பிக் கேட்கலாம்? வெளிநாட்டிலும் இந்த ரிசார்ட் பீ உண்டு என்று துபாயில் இருக்கிற மச்சினன் சொல்கிறானே, அது சரியா?" இதுதான் கேள்வி.

கன்னியாகுமரியில் ஓட்டல் முன்மேசையிலும் பிறகு கணக்குப் பிரிவிலுமாகப் பதினான்கு வருடம் வேலை பார்த்தவன் என்பதால் இந்த பில்லை வரிவரியாகவே பார்த்துச் சொல்கிறேன். நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இது பழக்கமில்லாத விஷயம் என்பதும் எனக்குப் புரிகிறது. ஈத்தாமொழியிலிருந்தோ தக்கலையிலிருந்தோ கன்னியாகுமரிக்குப் போகிறவர் அங்கே அறை எடுத்துத் தங்குவதில்லையே. சொந்தக்காரர் வரும்போதுதான் முதன்முதலாக ரிசப்ஷனில் போய் நிற்கிறோம்.

அண்ணாச்சி தேங்காய் வியாபாரம் செய்கிறவர். உரிகூலி, ஏற்றுக்கூலி, வண்டிவாடகை எல்லாம் காய் விலைக்கு மேலே வரும் என்பது அவருக்குத் தெரியும். விலை பேசும்போதே அதைச் சொல்லிவிட்டால் யாரும் சண்டை போடுவதில்லை. லோடு ஏறி, தார்ப்பாய் கட்டின பிறகு "இன்னொரு கூலி இருக்கு" என்றால்தான் வாய்த்தகராறு வரும். ஓட்டல் பில்லையும் அப்படியே பார்க்க வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் நேரே "இதை எப்போது சொன்னார்கள்?" என்று எழுதிப் பாருங்கள். பணம் கட்டும் முன்பா, சாவி வாங்கும்போதா, கிளம்பும்போதா? அந்தப் பதிலிலேயே பாதி விஷயம் தெளிந்துவிடும்.

பில்லில் இருப்பது இதுதான். அறை வாடகை 14,400. எக்ஸ்ட்ரா பெட் ஒன்று, இரண்டு நாளைக்கு 1,600. ஏர்லி செக்-இன் 1,800. ரிசார்ட் பீ அறைக்கு ஒரு நாளைக்கு 300 வீதம் 1,200. மொத்தம் 19,000. அதற்கு ஜிஎஸ்டி 5 சதவீதம் 950. சாப்பாடு 2,640, அதன் மேல் சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம் 264, இரண்டையும் சேர்த்து அதற்கு ஜிஎஸ்டி 145 ரூபாய் 20 காசு.

முதலில் வரி. 950 சரியான தொகைதான், அதில் கை வைக்க முடியாது. 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு 5 சதவீதம். அதற்கு முன் 12 சதவீதமாக இருந்தது. 7,500-ஐத் தாண்டினால் 18 சதவீதம். ரிசப்ஷன் பலகையில் எழுதியிருக்கும் விலையை வைத்து இதைப் பார்ப்பதில்லை. தள்ளுபடி போக உங்களிடம் உண்மையில் வாங்குகிற விலைதான் கணக்கு. இந்த இடத்தில் கவனம் வேண்டும். 7,400 ரூபாய் அறைக்கு வரி 370, மொத்தம் 7,770. அதே அறை 7,600 என்றால் வரி 1,368, மொத்தம் 8,968. வாடகை ஏறியது 200 ரூபாய், கையிலிருந்து போவது 1,198 ரூபாய் அதிகம். டிசம்பர் 31-க்கும் சித்ரா பௌர்ணமிக்கும் நல்ல அறைகளின் விலை இந்தக் கோட்டையொட்டித்தான் ஏறி நிற்கும். அந்த நாட்களில் அறை போடுகிறவர்கள் "7,500-க்குள்ளே முடித்துத் தாங்க" என்று கேட்பதில் அர்த்தம் இருக்கிறது. ஓட்டல்காரருக்கும் அது புரியும்.

வரியில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பில்லில் 15 எழுத்து ஜிஎஸ்டி எண் இருக்கிறதா? தமிழ்நாட்டில் அது 33 என்று தொடங்கும். களியக்காவிளை தாண்டிப் பூவாரிலோ கோவளத்திலோ தங்கினால் 32. எண் இல்லாத பில்லில் ஜிஎஸ்டி என்று ஒரு வரி இருந்தால் அதைக் கட்டத் தேவையில்லை. பதிவு செய்யாத சிறிய லாட்ஜுக்கு வரி வசூலிக்கும் உரிமையே கிடையாது. எண் இருந்தாலும் சந்தேகமாக இருந்தால் ஜிஎஸ்டி இணையதளத்தில் அதைப் போட்டுப் பார்க்கலாம். யார் பெயரில் இருக்கிறது, நடப்பில் இருக்கிறதா என்பது வந்துவிடும். ஆனால் ஆப் வழியாகச் சின்ன லாட்ஜில் அறை போட்டிருந்தால், லாட்ஜுக்குப் பதிவு இல்லாவிட்டாலும் அந்த ஆப் நிறுவனமே வரியை வாங்கிக் கட்ட வேண்டும் என்பது சட்டம். அப்போது வரி ஆப்பின் ரசீதில் இருக்கும். லாட்ஜ்காரர் அதை மறுபடியும் கேட்கக் கூடாது.

அடுத்து, ஏர்லி செக்-இன். கன்னியாகுமரியில் நான் பார்த்த சண்டைகளில் பாதிக்குமேல் இந்த ஒன்றால் வந்தவைதான். நம் ஊர்க் கிடப்பு அப்படி. சென்னையிலிருந்து ராத்திரி ரயிலில் ஏறுகிறவர்கள் விடியற்காலையில் இறங்குகிறார்கள். கையில் குழந்தை, தலைக்கு மேலே பெட்டி, உடனே ஓடிப்போய்ச் சூரிய உதயம் பார்க்க வேண்டும். ஓட்டலின் செக்-இன் நேரமோ மதியம் 12. முந்தைய நாள் ராத்திரி அந்த அறை காலியாகவே கிடந்தாலும் மேசையில் இருப்பவருக்கு அது விற்கக்கூடிய ஒரு ராத்திரி. அதனால் அரை நாள் வாடகை என்று போடுவது தொழில் வழக்கம். அதில் தவறில்லை, அந்த அறையை ஒரு பையன் ஆறு மணிக்குள் துடைத்து, விரிப்பு மாற்றித் தயாராக்கியிருப்பான்.

அண்ணாச்சி எழுதியதைப் பார்த்தால், காலை ஐந்தரைக்குப் போய் நின்றபோது மேசையில் இருந்த பெண் "பரவாயில்ல சார், ஒரு ரூம் ரெடியா இருக்கு, வாங்க" என்று சொல்லிச் சாவியைக் கொடுத்திருக்கிறார். தொகை எதுவும் சொல்லவில்லை. நம் ஊரில் "பரவாயில்ல, வாங்க" என்றால் உபசாரம் என்றுதான் யாரும் எடுத்துக்கொள்வார்கள். அந்தப் பெண் சூது செய்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை; ராத்திரி ஷிப்ட் முடிகிற நேரம், கூட்டம், கம்ப்யூட்டரில் நேரத்தை அடித்ததும் கட்டணம் தானாக ஏறியிருக்கும். ஆனாலும் தொகை சொல்லாமல் கொடுத்த சேவைக்கு 1,800 கேட்பது சரியில்லை. இதைப் பேசிக் குறைக்கலாம். முழுவதும் தள்ளுவார்கள் என்று உறுதி சொல்ல மாட்டேன். புக்கிங் உறுதிச் சீட்டில் "12 மணிக்கு முன் வந்தால் அரை நாள் வாடகை" என்று சின்ன எழுத்தில் இருந்தால் அவர்கள் பக்கம் கொஞ்சம் பலம் உண்டு. அந்தச் சீட்டை முதலில் எடுத்துப் படியுங்கள்.

இதிலேயே ஒரு சின்ன விஷயம். பழைய லாட்ஜுகள் சிலவற்றில் 24 மணி நேரக் கணக்கு உண்டு. காலை ஆறுக்கு ஏறினால் மறுநாள் காலை ஆறு வரை உங்கள் அறை. ரயிலில் வருகிறவர்களுக்கு அதுதான் தோது. "பன்னிரண்டு மணி செக்-அவுட்டா, இருபத்திநாலு மணி நேரமா?" என்று கேட்டாலே போதும்.

எக்ஸ்ட்ரா பெட் 1,600-ஐப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அறை இருவருக்கு, படுத்தது மூவர். கட்ட வேண்டியதுதான். காலைச் சாப்பாடு வாடகையில் சேர்த்தி என்றால் அதுவும் இருவருக்குத்தான் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ஓட்டல் மொழியில் ஈ.பி. என்றால் அறை மட்டும், சி.பி. என்றால் காலை டிபனோடு, எம்.ஏ.பி. என்றால் இன்னொரு வேளையும் சேர்த்து, ஏ.பி. என்றால் மூன்று வேளையும். மூன்றாவது ஆள் தட்டு எடுத்தால் தனிக் கணக்கு.

இப்போது ரிசார்ட் பீ. அந்த 1,200-ஐப் பார்த்ததும் எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. நான் வேலை பார்த்த காலத்தில் குமரி மாவட்டத்தில் இந்தப் பெயரே கிடையாது. இது அமெரிக்க வழக்கம், முக்கியமாக லாஸ் வேகஸ் ஓட்டல்களில் வேரூன்றியது. நீச்சல்குளம், உடற்பயிற்சிக் கூடம், வைபை என்று காரணம் சொல்லித் தினம் ஒரு தொகை வாங்குவார்கள். நீங்கள் குளத்தில் இறங்கினாலும் இறங்காவிட்டாலும் கட்ட வேண்டும். அதை வாடகையிலேயே சேர்த்துவிடலாமே என்றால், சேர்த்தால் இணையத்தில் விலை வரிசையில் அந்த ஓட்டல் கீழே போய்விடும். 3,900 என்று காட்டுகிற ஓட்டலை விட 3,600 என்று காட்டுகிற ஓட்டலைத்தானே முதலில் தொடுவோம். அமெரிக்காவிலேயே இதற்கு எதிர்ப்பு கிளம்பி, 2025 மே 12 முதல் அங்குள்ள வணிக ஆணையத்தின் விதி ஒன்று நடைமுறைக்கு வந்திருக்கிறது. கட்டணத்தை வாங்கக் கூடாது என்று அந்த விதி சொல்லவில்லை. விலை காட்டும்போதே கட்டாயக் கட்டணங்களையும் சேர்த்து மொத்தத் தொகையைக் காட்ட வேண்டும் என்கிறது.

துபாய் மச்சினன் சொல்வதில் உண்மை உண்டு, ஆனால் அவர் சொல்வது வேறு வகை. அங்கே "டூரிசம் திர்ஹாம்" என்று ஒன்று 2014 முதல் இருக்கிறது. ஓட்டலின் தரத்தைப் பொறுத்து ஒரு அறைக்கு ஒரு ராத்திரிக்கு 7 முதல் 20 திர்ஹாம் வரை. அது அரசாங்கத்துக்குப் போகிற பணம். மலேசியாவிலும் வெளிநாட்டவருக்கு அறைக்கு ஒரு ராத்திரிக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி இருக்கிறது. ஆப்பில் முழுப் பணமும் கட்டிவிட்டுப் போனாலும் மேசையில் இதைத் தனியாகக் கேட்பார்கள். கொடுத்துத்தான் ஆக வேண்டும். ரிசார்ட் பீ அப்படி அரசு விதித்தது கிடையாது. ஓட்டல் தானே வைத்துக்கொண்டது.

நம் நாட்டில் என்ன வழி? ரிசார்ட் பீ என்று பெயர் சொல்லித் தடுக்கிற சட்டம் இல்லை. ஆனால் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட நெறிமுறைகளில், இணையத்தில் வாடிக்கையாளரை ஏமாற்றும் 13 உத்திகளைப் பட்டியலிட்டிருக்கிறது. அதில் ஒன்று "டிரிப் பிரைசிங்": முதலில் ஒரு விலையைக் காட்டி இழுத்து, உறுதி செய்த பிறகு துளித்துளியாகக் கட்டணம் சேர்ப்பது. கேட்காமலே கூடையில் ஒன்றைப் போட்டுவிடுவதும் அந்தப் பட்டியலில் உண்டு. அண்ணாச்சி விஷயத்தில் ஆப்பிலும் சீட்டிலும் ரிசார்ட் பீ இல்லை, கிளம்பும்போதுதான் முளைத்தது என்றால், அந்த 1,200-ஐயும் அதன் மேல் போட்ட வரி 60-ஐயும் தயங்காமல் திருப்பிக் கேட்கலாம். "பராமரிப்பு", "வசதிக் கட்டணம்" என்று வேறு பெயரில் வந்தாலும் இதே பதில்தான்.

சாப்பாட்டு பில்லில் இருக்கும் சர்வீஸ் சார்ஜ் 264 விஷயத்தில் சட்டம் இன்னும் தெளிவு. 2022 ஜூலை 4 அன்று அதே ஆணையம் சொல்லிவிட்டது: ஓட்டலோ உணவகமோ சர்வீஸ் சார்ஜைத் தானாக பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது, அதன் மேல் ஜிஎஸ்டியும் போடக் கூடாது. விருப்பப்பட்டால் கொடுப்பது, அவ்வளவுதான். ஓட்டல் சங்கங்கள் வழக்குப் போட்டன. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 28 அன்று ஆணையம் சொன்னதே சரி என்று தீர்ப்பளித்தது. ஆக 264-ம் அதன் வரி 13 ரூபாய் 20 காசும் திரும்ப வர வேண்டிய பணம். பரிமாறிய பையனுக்குக் கொடுக்க ஆசையென்றால் அவன் கையில் கொடுங்கள். பில்லில் கட்டுவது அவனுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று உங்களுக்குத் தெரிய வழியில்லை.

தண்ணீர் பாட்டிலுக்கு அச்சிட்ட விலைக்கு மேலே வாங்கினார்கள் என்றும் எழுதியிருக்கிறார். பலர் இதில் தவறாக நினைத்திருக்கிறார்கள். ஓட்டலில் உட்கார வைத்துப் பரிமாறும்போது அச்சிட்ட விலையை மீறலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை, ஆனால் நிலை அதுதான். பக்கத்துக் கடையில் வாங்கிக்கொண்டு அறைக்குப் போவது நல்லது.

கடைசியாக டெபாசிட். இதில்தான் பொறுமையாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். கார்டில் 5,000 தேய்த்தார்கள் என்றால் இரண்டில் ஒன்று நடந்திருக்கும். ஒன்று, பணத்தை எடுக்காமல் "இந்த 5,000-ஐத் தொடாதே" என்று பேங்க்கைக் கட்டிப் போடுவது. ஓட்டலில் இதை பிரீ-ஆத் என்பார்கள். இன்னொன்று, நிஜமாகவே 5,000-க்கு விற்பனை போட்டு எடுத்துவிடுவது. போனில் வரும் குறுஞ்செய்தி இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும். மெஷினிலிருந்து வந்த துண்டுச்சீட்டைப் பாருங்கள். பிரீ-ஆத் என்றோ சேல் என்றோ அச்சாகியிருக்கும். சீட்டு இல்லையென்றால் பேங்க்கில் கேட்டால் சொல்வார்கள்.

பிரீ-ஆத் என்றால், ஓட்டல் 1,500-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு கணக்கை முடித்ததும் மீதி 3,500 கட்டவிழ்ந்துவிடும். பேங்க்கைப் பொறுத்துச் சில நாள் பிடிக்கும். சேல் என்றால் அது தானாக வராது. ஓட்டல் உட்கார்ந்து ரீபண்ட் போட வேண்டும். "பேங்க்ல இருந்து வந்திரும்" என்று சொல்லி அனுப்பிவிட்டு ரீபண்டே போடாமல் மறந்துபோவதை நான் எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். கணக்குப் பிரிவில் இருந்தபோது மாதக் கடைசியில் அப்படிக் கிடந்த டெபாசிட்டுகளைத் தேடித்தேடித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பாதிப் பேர் கேட்கவே இல்லை. ஆறு நாள் ஆனதைப் பார்த்தால் அண்ணாச்சி விஷயமும் அப்படித்தான் இருக்கும் என்று எனக்குப் படுகிறது. போன் செய்து "ரீபண்ட் போட்டாச்சா" என்று மட்டும் கேட்காதீர்கள். "ரீபண்ட் போட்ட தேதியும் ரெபரன்ஸ் நம்பரும் அனுப்புங்க" என்று கேளுங்கள். நம்பர் இருந்தால் பேங்க் தேடிக் கொடுக்கும். நம்பர் தர இழுத்தால் போடவில்லை என்று அர்த்தம். இன்னொன்று, திருப்பித் தர வேண்டிய டெபாசிட்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது. எங்காவது டெபாசிட்டின் மேல் வரி போட்டிருந்தால் அது பிழை.

மருதாணிக் கறைக்கு வருகிறேன். இங்கே ஓட்டல்காரர் பக்கமும் கொஞ்சம் பேச வேண்டும். வெள்ளை விரிப்பில் ஈர மருதாணி பட்டால் வெளுப்பது லேசில்லை. கல்யாண வீட்டார் தங்கிய மறுநாள் சலவைக்காரர் விரிப்பைத் தூக்கிக் காட்டிப் புலம்புவதை நான் கேட்டிருக்கிறேன். நட்டம் நிஜம். ஆனால் நட்டத்துக்கு ஈடு என்பது நியாயமான அளவுக்குத்தான் இருக்க முடியும். நம் ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவும் அதைத்தான் சொல்கிறது. பலமுறை துவைத்த விரிப்புக்குப் புது விரிப்பின் விலையை வாங்குவது அதிகம். கறையைக் காட்டச் சொல்லுங்கள், விரிப்பு வாங்கிய விலைக்கு ரசீது கேளுங்கள். முழு விலையும் நீங்கள்தான் கொடுக்க வேண்டும் என்றால் விரிப்பு உங்களுடையது, மடித்துக் கொடுக்கச் சொல்லுங்கள். இப்படிக் கேட்ட மாத்திரத்தில் தொகை இறங்கியதை மேசைக்கு அந்தப் பக்கம் நின்றே பார்த்திருக்கிறேன்.

ஆகக் கணக்கு இது. ரிசார்ட் பீ வரியோடு 1,260, சர்வீஸ் சார்ஜ் வரியோடு 277 ரூபாய் 20 காசு: இந்த 1,537 ரூபாயும் சில்லறையும் உறுதியாகக் கேட்க வேண்டியது. டெபாசிட் மீதி 3,500 உங்கள் சொந்தப் பணம். ஏர்லி செக்-இன்னும் விரிப்பும் பேச்சுவார்த்தைக்கு உரியவை. மற்றதெல்லாம் கட்டியது சரி.

மேனேஜருக்கு வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ எழுத்தில் அனுப்புங்கள். பில் படம், புக்கிங் சீட்டின் படம், ஆப்பில் விலை காட்டிய பக்கம் மூன்றையும் சேர்த்து. காலையில் போன் செய்யாதீர்கள், செக்-அவுட் நெருக்கடியில் யாரும் காது கொடுக்க மாட்டார்கள். மதியம் மூன்று மணிக்கு மேல் மேனேஜர் நிதானமாக இருப்பார். ஒரு வாரம் பார்த்துவிட்டு அசைவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசிப் புகார் பதியுங்கள். அதற்கும் மசியாவிட்டால் நாகர்கோவிலில் இருக்கிற மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய்க்குட்பட்ட விவகாரத்துக்கு மனுக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருடத்துக்குள் போடலாம். சென்னையிலிருந்து வந்த சம்பந்தி தன் பெயரில் பணம் கட்டியிருந்தால் அவர் சென்னையிலேயே மனுப் போடலாம். 2019-ஆம் ஆண்டுச் சட்டம் அவரவர் குடியிருக்கும் ஊரிலேயே போட இடம் கொடுக்கிறது.

அடுத்த மாதம் மறுவீட்டுக்கு அவர்கள் திரும்ப வருகிறார்கள் என்றும் எழுதியிருக்கிறார். கார்த்திகை பிறந்துவிட்டால் சபரிமலை முடித்து வருகிற சாமிமார் கூட்டமும் சேர்ந்துகொள்ளும், தை வரை அறை விலை ஏறித்தான் இருக்கும். இந்த முறை அட்வான்ஸ் போடும் முன் ஓட்டலுக்கே ஒரு போன் போட்டு இப்படிக் கேளுங்கள்: "வரி உட்பட ரெண்டு ரூமுக்கும் மொத்தம் எவ்வளவு? ரயிலில் காலை அஞ்சரைக்கு வருவோம், அதற்கு என்ன ஆகும்? மூணாவது ஆளுக்கு டிபனோடு எவ்வளவு? கடல் பார்த்த ரூமுக்கு மாற்றினால் எவ்வளவு கூடும்? டெபாசிட் எவ்வளவு, ரொக்கமா கார்டா, கிளம்பும்போது கையிலேயே தருவீங்களா? இது போக வேற ஏதாவது உண்டா?" அவர்கள் சொன்னதை அப்படியே வாட்ஸ்அப்பில் அடித்து அனுப்பி "சரிதானே?" என்று கேளுங்கள். "சரி" என்று பதில் வந்த பிறகு அட்வான்ஸ் போடுங்கள். மருதாணி வைக்கிற அன்றைக்கு வீட்டிலிருந்து இரண்டு பழைய விரிப்பும் கொடுத்துவிடுங்கள்.